பதினேழு முறை நின்ற வண்டி

பென்சிலால் கார் இன்ஜினைப் பழுது பார்த்த மனிதன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான். அவன் நான்தான். பானெட்டைத் திறக்கவில்லை, ஸ்பேனரைத் தொடவில்லை, சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, முனை மழுங்கிய ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, முப்பது வருஷம் இன்ஜினுக்குள்ளேயே குடித்தனம் நடத்திய ஒரு மெக்கானிக்கால் முடியாததை நான் செய்து முடித்தேன். இதைக் கேட்டு எங்கள் தெரு சலவைக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே மறந்துவிட்டார். சட்டையின் முதுகில் கப்பல் மாதிரி ஒரு கருகல். அது அவருடைய வாடிக்கையாளரின் சட்டை. எனக்கென்ன.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது. நான் சொல்லும் எந்த எண்ணையும் மூன்றால் வகுத்துக்கொள்வது என் மனைவியின் பழக்கம். ஒன்பது பேர் வருகிறார்கள் என்றால் மூன்று தம்ளர்தான் எடுத்து வைப்பாள், அது சரியாகவும் இருந்து தொலைக்கும். ஆனால் என் கை என் வாய்க்குச் சொந்தக்காரனே இல்லை. முப்பத்து நான்கு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக உட்கார்ந்திருந்த கை அது. சாட்சி இருமினால் இருமல் என்று எழுதும். வக்கீல் மேஜையைத் தட்டினால் எத்தனை தட்டு என்று எழுதும். யார் யாரோ வந்து சொன்ன பொய்களை, ஓர் எழுத்தைக்கூட உண்மையாக்கிவிடாமல், அப்படியப்படியே இறக்கி வைத்த கை. ஓய்வு பெற்ற பிறகு அதற்கு வேலை இல்லாமல் போனது. பால்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் பேசிக்கொள்வதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் இன்னும் இரண்டு வரிசை செங்கல் வைத்துவிட்டார்.

வண்டி என் மனைவியுடையது. அவள் மேடைத் திரை தைக்கிறவள். பள்ளிக்கூடம், மன்றம், நாடக அரங்கம் என்று இந்த ஊரில் எங்கே திரை விலகினாலும், அது அவள் தைத்ததாகவோ அவள் ஒட்டுப்போட்டதாகவோதான் இருக்கும். முப்பதடி வெல்வெட்டை மடித்துக் கட்டினால் யானைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் மூன்று டிக்கெட் கேட்பார். அதனால் ஐம்பத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றாள். நான்காவது முறை தேர்வு அதிகாரி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார் என்று நான் சொல்வேன். அவள் மறுப்பாள். எப்படியோ, வாங்கினாள். அதன் பிறகு மூன்று வருஷம், பின்சீட்டை மடக்கி யானைக்குட்டியை ஏற்றிக்கொண்டு, ஊர் முழுக்கப் போய்த் திரை மாட்டி, கழற்றி, துவைத்து, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தாள். மண்டபங்களில் காவலாளிகள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். அவளே திறந்து போய் வேலையை முடித்துப் பூட்டிவிட்டு வருவாள்.

போன வருஷக் கடைசியில்தான் வண்டி நிற்கத் தொடங்கியது. சும்மா நிற்கவில்லை, இடம் பார்த்து நின்றது. நாற்சந்தியின் நடுவில். ஆஸ்பத்திரி வாசல் வேகத்தடையின் முதுகில். பின்னால் லாரி வரும்போது வலப்பக்கம் திரும்புகையில். அந்த நேரத்தில் ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறது என்றாள். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல உறுமிக்கொண்டு கிளம்பும். பத்து நாளில் நூறு முறை நின்றது என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். வகுத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய தம்பிதான் மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பான் என்பதால் ஊரே அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடும். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. பிளக்குகளை மாற்றினான். பெட்ரோல் வடிகட்டியை மாற்றினான். காற்று போகும் வழியையெல்லாம் கழற்றிக் குழந்தைக்குக் காது சுத்தம் செய்வது போலத் துடைத்தான். கடைசியில் பெட்ரோல் பம்பையே மாற்றினான். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் தானே ஓட்டிப் பார்ப்பான், வண்டி ஒரு முறைகூட நிற்காது. திருப்பிக் கொடுப்பான். மறுநாள் அக்காவுக்கு நின்றுவிடும். நான்காவது தடவை திருப்பிக் கொடுக்க வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, வண்டி தங்கம். எனக்கு ஓடுது, என் ஆளுங்களுக்கு ஓடுது. உனக்கு மட்டும் நிக்குதுன்னா நான் எதைன்னு கழட்டுறது? கிளட்ச்ச சட்டுனு விட்டுடுற. வயசாகுதுல்ல."

போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் இந்த மாதிரி வண்டியைத்தான் விலைக்குத் தேடிக்கொண்டிருக்கிறாராம். அடுத்த சனிக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லியிருப்பதாகவும், அதற்குள் யோசித்துச் சொல்லும்படியும் சொல்லிவிட்டுப் போனான். வழக்கமாகத் தம்பிக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பவள் அன்று வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இடது காலைத் தரையில் அழுத்துவதும் மெல்ல எடுப்பதுமாக இருந்தாள். அழுத்துவாள், எடுப்பாள். பிறகு போனை எடுத்து, இருபது வருஷமாக வேலை கொடுக்கும் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையிடம், இந்த வருஷம் அளவெடுக்க வர முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பெருக்கிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டில் எனக்கு அனுமதி கிடையாது. இல்லாத பிரேக்கை நான் மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மிதியடியில் ஓட்டை விழுந்துவிட்டது. பின்சீட்டில் ஒரு பாதி வெல்வெட்டுக்கு, மறு பாதி எனக்கு. எங்கே போகிறோம், ஏன் நிற்கிறது, யார் மேல் தப்பு என்று எதையும் நான் யோசிக்கவில்லை. நீதிமன்றத்தில் வருகிறவர்கள் எல்லோரும் இதில்தான் கோட்டை விடுவார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சொல்வார்கள். டாக்டர் தான் நினைத்ததைச் சொன்னான். என் மனைவி அவன் நினைத்ததை நம்பத் தொடங்கியிருந்தாள். வண்டி சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், அப்படியே இன்ஜினுக்கு ஒரு வாய்தாவும் வாங்கிக் குடுத்துடுங்க" என்றான். போகிற போக்கில் ஒரு நாள், அக்காவின் திருப்திக்காக, எங்களை உட்கார வைத்து ஊரைச் சுற்றி அவனே ஓட்டியும் காட்டினான். இருபத்து மூன்று வேகத்தடை, ஒன்பது வலது திருப்பம். நிற்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டேன்.

ஏழு நாளில் பதினேழு முறை நின்றது. இந்தப் பதினேழை வகுக்க வேண்டாம், இது கை சொன்ன எண். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு பழைய திரையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, நீதிபதி கேட்டால் சாட்சியத்தை எப்படி வாசிப்பேனோ அப்படி, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் வாசித்தேன். நான்காவது முறை. சந்தைத் திருப்பம். இண்டிகேட்டர் டிக் டிக் டிக். தடக். ஜல். இன்ஜின் மௌனம். இண்டிகேட்டர் மௌனம். ரேடியோவில் ஒருவர் வெயிலைப் பற்றித் தொடர்ந்து பேசுகிறார். அம்மையார் "ஐயோ" என்கிறார். சாவி திருகும் ஓசை. இன்ஜின் கிளம்புகிறது. ஐந்தாவது முறை. ஆஸ்பத்திரி வாசல். தடக். ஜல். இன்ஜின் மௌனம். ரேடியோவில் பாட்டு தொடர்கிறது.

எட்டாவது முறையை வாசித்துக்கொண்டிருந்தபோது அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"இன்ஜின் நின்னா இண்டிகேட்டர் எதுக்குங்க நிக்கணும்?"

நான் எழுதினவன், எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அவள் விடவில்லை. கற்றுக்கொண்ட காலத்தில் அவள் கிளட்சை விட்டு நிறுத்திய நாட்களில், வண்டி கிழவன் மாதிரி குலுங்கிக் குலுங்கிச் சாகும், சிவப்பு விளக்கெல்லாம் எரியும், இண்டிகேட்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது குலுக்கல் என்று ஒன்றாவது எழுதியிருக்கிறதா? பக்கங்களைப் புரட்டினேன். பதினேழில் ஒன்றில்கூட இல்லை. அப்படியென்றால் இன்ஜின் தானாகச் சாகவில்லை, யாரோ அணைத்திருக்கிறார்கள் என்றாள். எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. முப்பத்து நான்கு வருஷம் கொலை வழக்குகளை எழுதியவன் இல்லையா.

"சரி, எல்லாத்துலயும் ஜல்னு வருதே. அது என்ன?"

"காதுல விழுந்துச்சு, எழுதினேன்."

"தம்பி ஓட்டினப்போ?"

டாக்டர் ஓட்டிய நாளின் பக்கத்தை எடுத்தேன். தடக். தடக். தடக். இருபத்து மூன்று தடக். ஒரு ஜல் கிடையாது. அவள் அந்தப் பக்கத்தைத் தானே பார்க்க வேண்டும் என்று, சுருக்கெழுத்து ஓர் எழுத்துகூடத் தெரியாதவள், எழுந்து என் பக்கம் வந்தாள். எழுந்த வேகத்தில் அவள் இடுப்பிலிருந்து சத்தம் வந்தது. ஜல்.

இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து. என் மனைவியின் சாவிக்கொத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். பதினோரு மண்டபங்களின் பின்கதவுச் சாவி அதில் இருந்தது. அது போக எங்கள் வீட்டு வாசல், மொட்டை மாடி, இரண்டு பீரோ, துணி வைக்கும் மரப்பெட்டிகள், இடிக்கப்பட்டு ஏழு வருஷமான ஓர் அரங்கத்தின் சாவி, ஒரு பித்தளை மடக்குக் கத்தி, ஒரு விசில். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கார் சாவி. அடுத்தவர் நம்பிக் கொடுத்த சாவிகள் என்பதால் கொத்தை யார் கையிலும் கொடுக்க மாட்டாள், கூடப் பிறந்த தம்பியிடம்கூட. பட்டறைக்கு வண்டியை விடும்போதெல்லாம் வளையத்தை நகத்தால் நெம்பி, கார் சாவியை மட்டும் தனியாகக் கழற்றித் தருவாள். ஆக, டாக்டர் ஓட்டிய வண்டியில் தொங்கியது ஒற்றைச் சாவி. அவள் ஓட்டிய வண்டியில் தொங்கியது பதினோரு மண்டபம். கொத்தைத் தராசில் வைத்தோம். அறுநூற்று நாற்பது கிராம். ஊரில் இரண்டு கிலோ என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்துக்கொள்கிறேனே தவிர, மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கி ஓடியது அவள்தான். வெளிச்சம் இன்னும் இருந்தது. வண்டியில் உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, ரேடியோவையும் இண்டிகேட்டரையும் போட்டாள். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவு பெரிய நாள் அது. கொத்தை விரலால் லேசாகத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கொத்து ஊஞ்சல் மாதிரி ஆடி, அதன் கனத்தில் சாவி ஒரு படி பின்னால் சரிந்தது. இன்ஜின் நின்றது. இண்டிகேட்டர் நின்றது. ரேடியோ மட்டும் ஏதோ விளம்பரத்தைப் பாடிக்கொண்டிருந்தது. மூன்று வருஷம் அந்தப் பாரத்தைச் சுமந்த சாவித்துளை தேய்ந்து போய், பிடிப்பை விட்டிருந்தது. ஓடும்போது நின்றால் அவள் கை பதறிக்கொண்டு தானாகச் சாவிக்குப் போய்விடும், முழுதாக அணைத்துவிட்டு மறுபடி திருப்பும். சாவி ஏற்கெனவே ஒரு படி இறங்கியிருந்ததை அவள் கண் பார்க்கவே இல்லை, கண் பின்னால் வரும் லாரி மேல் இருந்தது.

அவள் இடது காலால் கிளட்சை அழுத்தி, மெல்ல எடுத்தாள். பிறகு, என்னிடம் சொல்வது போலவும் இல்லை, "என் கால் இல்லீங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை டாக்டர் வண்டியை எடுத்துப் போக வந்தான். நடந்ததை நான் சொன்னேன், அதுதான் தப்பாகப் போயிற்று. என் வாயிலிருந்து வந்ததாலேயே அவன் நம்பவில்லை. பட்டறையில் முப்பது வருஷத்தில் பேய் பிடித்த வண்டியைக்கூடப் பார்த்திருக்கிறேன், சாவிக்கொத்து பிடித்த வண்டியைப் பார்த்ததில்லை என்றான். விரலால் திருப்பினால்தான் சாவி திரும்பும், தொங்குகிறதெல்லாம் திருப்பிவிடுமா என்று கேட்டான். வீட்டு வாசலில் நிறுத்தித் தட்டிப் பார்த்தது கணக்கில் வராதாம், ஓடும் வண்டியில், கிளட்ச் தெரிந்தவன் காலடியில் நிற்க வேண்டுமாம். என் மனைவி இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தாள். ஒரு சாவியையும் கழற்றாமல், அப்படியே முழுதாக அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே ஓட்டு."

அவன் கை ஒரு கணம் கீழே தாழ்ந்தது. கனத்தால் மட்டுமில்லை என்று நினைக்கிறேன்.

அவன் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார, நான் பின்னால். ஆஸ்பத்திரி வேகத்தடை வந்தது. தடக், ஜல், வண்டி போய்க்கொண்டே இருந்தது. சந்தைத் திருப்பம். தடக், ஜல், ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் அடுத்தடுத்து மூன்று வேகத்தடை. நான் மனசுக்குள் ஒவ்வொன்றையும் கையால் தூக்கி உயரமாக்கினேன். நிற்கவில்லை. டாக்டர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கிளட்ச் என்பது என்ன, அதை எப்படிச் சிசுவைப் போலக் கையாள வேண்டும் என்று பாடம் நடத்தத் தொடங்கினான். அன்றைக்கு எனக்கு வேர்த்த வேர்வையை ஒரு வாளியில் பிடித்திருக்கலாம். அவளுக்கு வேர்க்கவே இல்லை. சாலையைப் பார்த்தபடி, யாரோ விருந்துக்குக் கூட்டிப் போவது போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

பட்டறை வந்தது. வாசலில் சாக்கடையை மூடிய இரும்புத் தகடு ஒன்று உண்டு, அதன் மேல் ஏறித்தான் உள்ளே திரும்ப வேண்டும். போட்டோ ஸ்டூடியோக்காரர் தேநீர்க் குவளையோடு வெளியிலேயே காத்திருந்தார். பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் வலது இண்டிகேட்டரைப் போட்டான். கிளட்சை மிதித்துக் கியரைக் குறைத்தான். முன்சக்கரம் தகட்டின் மேல் ஏறியது.

தடக். ஜல்.

அதன் பிறகு ரேடியோவில் ஒரு பெண் மட்டும், தொட்டியில் ரோஜாச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தாள். வண்டியின் பாதி உடம்பு சாலையில், பாதி வாசலில். பின்னால் வந்த பஸ்ஸின் ஓட்டுநர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. டாக்டர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தான். கிளட்ச் தரையோடு தரையாக மிதிபட்டிருந்தது. பிறகு சாவியைப் பார்த்தான். திருப்பினான், விட்டான், கொத்தைச் சுண்டினான். சாவி சரிந்தது. இன்னொரு முறை செய்தான். இன்னொரு முறையும்.

"கிளட்ச்ச சட்டுனு விட்டுட்டியா தம்பி?" என்றாள் அவள். குரலில் தேன் ஒழுகியது.

அவன் வளையத்தை நெம்பினான், அவன் விரலுக்கு அது வசப்படவில்லை. அவள் கையை நீட்டி, நகத்தால் ஒரே தட்டில் கார் சாவியைக் கழற்றித் துளையில் போட்டாள். கொத்து அவனிடமே இருந்தது. அவள் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்து நிற்க, அவன் இறங்கி வழிவிட்டான். அதற்குள் ஸ்டூடியோக்காரர் பக்கத்தில் வந்துவிட்டார். வண்டியில் குறையே இல்லை, வயசான அம்மா ஓட்டுவதால்தான் நிற்கிறது என்று போனில் சொன்னீர்களே என்று கேட்டார். பட்டறை ஆட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் நினைத்திருந்தால் பெட்ரோலில் தண்ணீர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் முகத்தில் அந்த யோசனை வந்து போவதையும் பார்த்தேன்.

அவன் சாலைக்கு நடுவில் போய் நின்று, அக்கா வண்டியைத் திருப்புவதற்காகப் பஸ்ஸுக்குக் கையைத் தூக்கிக் காட்டினான். தூக்கிய கையில் பதினோரு மண்டபங்களின் சாவி வெயிலில் மின்னியது. அவனுக்குப் பின்னால் கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல், வெண்ணெயில் கத்தி போவது போலத் தகட்டின் மேல் ஏறி உள்ளே திரும்பியது.

"அவங்க மேல தப்பு ஒண்ணுமில்ல சார்" என்றான், பஸ்ஸைப் பார்த்தபடியே. "நான்தான் ஓட்டுனேன். கிளட்ச்ச முழுசா மிதிச்சிருந்தேன். நின்னுச்சு."